உறவு நிறைவுக் கடிதம்

அம்பத்தூர் ஓ.டி. பக்கம், ஒரு மருந்துக் கடைக்கு மேலே இரண்டாம் மாடியில் அந்தப் பயிற்சி நிலையம் இருந்தது. 'நிவாச மித்ரா குடியிருப்போர் அனுபவ அகாடமி' என்று பெயர். பலகையைப் படித்து முடிப்பதற்குள் பாதிப் படி ஏறிவிடலாம். வீட்டுச் சொந்தக்காரர்கள் கனடாவிலும் துபாயிலும் இருக்க, அவர்களுடைய வாடகை வீடுகளை அம்பத்தூரில் உட்கார்ந்தபடி கம்ப்யூட்டர் வழியாகவே கவனித்துக்கொள்ளும் 'விர்ச்சுவல் அசிஸ்டன்ட்' வேலைக்கு அங்கே ஆறு வாரம் விசேஷப் பயிற்சி தந்தார்கள். தேறினால் அந்த நிறுவனமே வேலைக்கு எடுத்துக்கொள்ளும். வீட்டை நேரில் போய்ப் பார்க்க வேண்டியதில்லை. பார்க்கவும் கூடாது, பார்த்தால் மனசு ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடும் என்று விதிப்புத்தகத்தின் முதல் பக்கத்திலேயே போட்டிருந்தது.

வடிவு அங்கே சேர்ந்ததற்கு ஒரே காரணம்தான். அவள் புருஷன் பூபாலன் அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் லேத் ஓட்டிக்கொண்டிருந்த கம்பெனியில், இனி வாரத்துக்கு மூன்று நாள்தான் வேலை என்று சொல்லிவிட்டார்கள். திருமுல்லைவாயிலில் பதினொரு வருஷமாகக் குடியிருக்கும் வீட்டை விட்டுவிடாமல் இருக்க வேண்டுமென்றால் இவளும் எங்கேயாவது போய்த்தான் ஆக வேண்டும். அந்த வீட்டுக்காகத்தான் இந்த வேலை, வேறு ஆசை எதுவும் அவளுக்கு இல்லை.

ஆனால் இந்த வேலைக்கு அவளிடம் ஒரு பெரிய குறை இருந்தது. சேரும்போது அது அவளுக்கே தெரியாது. அவள் ஆவடியில் டிபென்ஸ் குவார்ட்டர்ஸில் வளர்ந்தவள், அப்பா வெல்டர். குவார்ட்டர்ஸில் குழாய் ஒழுகினால், பராமரிப்பு அலுவலகத்துக்குப் போய், நூலில் கட்டித் தொங்கும் பேனாவை எடுத்து, தடிமனான ஒரு நோட்டில் 'குழாய் ஒழுகுகிறது' என்று எழுதிவிட்டு வர வேண்டும். மூன்றாம் நாள் ஸ்பேனரோடு ஒருவர் வாசலில் வந்து நிற்பார். புகார் எழுதினால் ஆள் வரும் என்று கல்யாணம் ஆகிற வரைக்கும் நம்பி வளர்ந்த ஒரு பெண்ணைத் திருத்துவது லேசான காரியமா என்ன?

முதல் நாளே குட்டு வெளிப்பட்டுவிட்டது. பயிற்சியாளர் கிருஷ்ணப்பிரியா, வகுப்பில் இருந்ததே பதினாலு பேர்தான் என்றாலும் காதில் மைக் மாட்டிக்கொண்டுதான் பேசுவாள். வடிவைப் பார்த்துக் கேட்டாள். "குடியிருக்கிற ஒருத்தர் குழாய் ஒழுகுதுன்னு எழுதறாங்க. நீங்க என்ன பண்ணுவீங்க?"

"பிளம்பரை அனுப்புவேன் மேடம்."

வகுப்பே அவளைத் திரும்பிப் பார்த்தது. கிருஷ்ணப்பிரியா கோபப்படவில்லை. "பரவாயில்ல. வெளியில இருந்து வர்ற எல்லாரும் முதல்ல இப்படித்தான் சொல்றாங்க. பிளம்பர் குழாயைப் பார்ப்பார். நாம எதைப் பார்க்கறோம்? குழாய் ஒழுகுதேன்னு அவருக்குள்ள ஒரு வருத்தம் இருக்கு பாருங்க, அதைப் பார்க்கறோம். குழாய் நம்ம டிபார்ட்மென்ட் இல்ல. வருத்தம்தான் நம்ம டிபார்ட்மென்ட்."

எல்லோரும் நோட்டில் எழுதிக்கொண்டார்கள். வடிவும் எழுதிக்கொண்டாள்.

புகார் என்ற சொல்லே அங்கே கிடையாது. அதற்குப் பெயர் டிக்கெட். டிக்கெட் வந்த நாலு மணி நேரத்துக்குள் நன்றி சொல்லி, வருந்தி, அது எந்த வகை என்று குறித்து, மூடிவிட வேண்டும். மூடுவதற்கும் வீட்டில் ஏதாவது சரியாவதற்கும் சம்பந்தமில்லை என்பதை விளங்கவைக்கவே முதல் வாரம் போயிற்று. பிறகு சொற்கள். தண்ணீர் வரவில்லை என்று யாராவது எழுதினால் அது 'நீர் இடைவெளி'. கரப்பான், பல்லி, ஒருமுறை வந்த சாரைப்பாம்பு எல்லாம் 'இயற்கை சார்ந்த அனுபவம்'. பதில் எழுதும்போது 'ரிப்பேர்' என்ற சொல் கூடாது, 'ஆள் வருவார்' கூடாது, 'நாளைக்கு' கூடவே கூடாது. நாளைக்கு என்று ஒன்று எழுதிவிட்டால் மறுநாள் விடிந்ததும் அது இன்றைக்கு ஆகிவிடுகிறது, அதுதான் சிக்கல் என்று கிருஷ்ணப்பிரியா விளக்கினாள்.

இரண்டாம் வாரம் எம்பதிப் பயிற்சி. எம்பதி என்றால் அடுத்தவர் கஷ்டத்தைத் தன் கஷ்டமாக உணர்வது, உணர்வதோடு நிறுத்திக்கொள்வது. 'வருந்துகிறோம்' என்று தட்டும்போது ஒரு கையை நெஞ்சில் வைத்துக்கொள்ள வேண்டும். அப்போதுதான் அந்த வருத்தம் எழுத்தில் இறங்குமாம். ஒற்றைக் கையால் தட்டினால் நேரமாகிறதே, ஏற்கெனவே எழுதியதை எடுத்து ஒட்டலாமா என்று பட்டாபிராமிலிருந்து வரும் அஜித்குமார் கேட்டான். அரை மணி நேரம் விவாதம் நடந்தது. கடைசியில் இயக்குநர் தட்சிணாமூர்த்தியே தம் அறையிலிருந்து வந்து தீர்ப்புச் சொன்னார்: எடுக்கும்போது கை எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம், ஒட்டும்போது நெஞ்சில் இருக்க வேண்டும்.

தட்சிணாமூர்த்தி ஏதோ ஓர் அலுவலகத்தில் மனுப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். அந்தப் பெருமையை அவர் மறைக்கவில்லை. "முப்பத்தோரு வருஷம் சர்வீஸ். என் மேஜையில ஒரு மனு, ஒரே ஒரு மனு, மறுநாள் வரைக்கும் இருந்ததா யாராவது சொல்லட்டும் பார்ப்போம். வந்த அன்னிக்கே அடுத்த மேஜைக்கு அனுப்பிடுவேன். அந்த மேஜையில யாரு இருந்தாங்கன்னு கேட்பீங்க. எனக்குத் தெரியாது. அது என் வேலை இல்ல." வகுப்பு கை தட்டியது. தட்ட வேண்டும் என்று விதிப்புத்தகத்தில் இருந்தது.

மூன்றாம் வாரத்திலிருந்து நிஜ டிக்கெட்டுகள். பெயர் இருக்காது, முகவரி இருக்காது, நிறுவனம் வைத்த எண் மட்டும்தான் இருக்கும். ஜனங்கள் போனில் வாயால் சொல்லி அனுப்புவதை ஓர் இயந்திரம் நல்ல தமிழாக மாற்றித் தந்தது. வசவை எடுத்துவிட்டு அந்த இடத்தில் 'தயவுசெய்து' என்று போட்டுவிடும். வடிவுக்கு முதலில் வந்தது டி-104. 'சமையலறைக் கூரையிலிருந்து காரை பெயர்ந்து விழுகிறது. நேற்று அடுப்பின் மேலேயே விழுந்தது. உள்ளே கம்பி தெரிகிறது. தயவுசெய்து, தயவுசெய்து, தயவுசெய்து விரைவில் பார்க்கவும்.'

நம் வீட்டு அடுப்படி மாதிரியே இருக்கிறதே என்று நினைத்தாள். அதற்கு மேல் நினைக்கவில்லை. போன மழைக்குப் பிறகு அந்தப் பக்கம் எந்த வீட்டில்தான் காரை விழவில்லை? வகை என்ற இடத்தில் 'மேற்பரப்புத் தோற்றம்' என்று குறித்தாள், புத்தகத்தில் அப்படித்தான் இருந்தது. அவசரமில்லை என்ற கட்டத்தில் டிக் அடித்தாள். பிறகு ஒரு கையை நெஞ்சில் வைத்துக்கொண்டு எழுதினாள்: 'உங்கள் கூரையைப் பற்றி எங்களிடம் மனம்விட்டுப் பேசியதற்கு நன்றி. தலைக்கு மேலே இருப்பதை அண்ணாந்து பார்த்தபடியே சமைப்பது எத்தனை அயர்ச்சி என்பதை உணர்கிறோம், வருந்துகிறோம். உங்கள் கூரை எங்கள் நினைவில் இருக்கிறது.'

கிருஷ்ணப்பிரியா அதைப் பெரிய திரையில் போட்டுக் காட்டினாள். "பாருங்க, எவ்வளவு கனிவு. ஒரு இடத்துலயாவது எதையாவது செய்யறேன்னு சொல்லியிருக்காங்களா?" வகுப்பு கை தட்டியது. குவார்ட்டர்ஸ் பெண் தேறிவிட்டாள் என்று எல்லோருக்கும் சந்தோஷம்.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது பூபாலன் துடைப்பமும் கையுமாக அடுப்படியில் நின்றிருந்தான். மறுபடியும் ஒரு காரைத் துண்டு விழுந்திருந்தது, இந்தத் தடவை தோசை மாவுக் குண்டானில்.

"ஓனருக்கு அடிச்சா இப்போ வேற எவனோ கம்பெனிக்காரன் நம்பருக்குப் பூடுது. ஹேமநாதன் சாரு கனடாவுலேந்தே எல்லாத்தியும் அவனுங்க கையில உட்டுட்டாராம். அதுல வாயாலயே சொல்லி அனுப்ச்சேன், நல்லா நாக்கப் புடுங்கிக்கிற மாதிரி. பதிலு வந்துகீது பாரு. நான் கூட இன்னாமோ நெனச்சேன். இன்னா மரியாதின்ற."

போனை நீட்டினான். மேலே 'அன்புள்ள டி-104 குடியிருப்பாளருக்கு' என்று இருந்தது. கீழே, தலைக்கு மேலே இருப்பதை அண்ணாந்து பார்த்தபடியே சமைப்பது எத்தனை அயர்ச்சி என்று இருந்தது.

வடிவு போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் குண்டானிலிருந்த மாவைக் கொண்டுபோய்க் கொட்டினாள். கை கழுவினாள். சொல்லிவிடலாமா என்று பார்த்தாள். வேலை விஷயத்தை வெளியே மூச்சு விடக்கூடாது என்று சேரும்போதே கையெழுத்து வாங்கியிருந்தார்கள். அது ஒரு சாக்கு. உண்மையில் அவளுக்கு வெட்கமாக இருந்தது. அவன் அந்தப் பதிலை இரண்டாம் தடவையாகப் படித்துக்கொண்டிருந்தான்.

"இன்னொரு வாட்டி அனுப்புங்க," என்றாள். "காரைன்னு சொல்லாதீங்க. பாதுகாப்பு இல்லன்னு சொல்லுங்க. அப்பதான் அவசரத்துல சேரும்."

"ஒனக்கு எப்டித் தெரியும்?"

"கிளாஸ்ல சொல்லிக் குடுத்தாங்க."

அவள் பேச்சைக் கேட்டு அவனும் அப்படியே அனுப்பினான். அது அஜித்குமாரிடம் போயிற்று. பாதுகாப்பு என்ற சொல்லைப் பார்த்ததும் அவன், 'உங்கள் வாசலில் கேமரா பொருத்துவது எங்கள் நினைவில் இருக்கிறது' என்று எழுதி மூடினான். சரி, வார்த்தையே வேண்டாம், படம் எடுத்து அனுப்புங்கள் என்றாள் வடிவு. பூபாலன் ஸ்டூலில் ஏறி, துருப்பிடித்த கம்பி தெரிகிற இடத்தைப் படம் எடுத்து அனுப்பினான். படம் மிகத் தெளிவாக இருந்ததாகப் பாராட்டி, அதுவும் அன்றைக்கே மூடப்பட்டது. இதெல்லாம் பத்து நாளுக்குள் நடந்து முடிந்தது. கூடுதலாக விஷயம் தெரிந்ததால் சீக்கிரம் நடக்கும் என்று அவள் நம்பினாள்.

ஐந்தாம் வாரப் பாடத்தை அவர்கள் ஐந்தாம் வாரத்தில்தானே நடத்துவார்கள்? அன்று கிருஷ்ணப்பிரியா குரலைத் தாழ்த்திக்கொண்டு பேசினாள். "ஒரு யூனிட்ல இருந்து முப்பது நாளைக்குள்ள மூணு டிக்கெட் வந்தா என்ன அர்த்தம்? அந்த வீட்டுல இருக்கிறவர் சந்தோஷமா இல்லன்னு அர்த்தம். சந்தோஷமா இல்லாத ஒருத்தரை அதே வீட்டுல வெச்சிருக்கிறது மனுஷத்தனமா? சொல்லுங்க. அந்த வீட்டுல இருந்து அவரை நாம விடுவிக்கிறோம். அதுக்குத்தான் உறவு நிறைவுக் கடிதம். காலி பண்ணுங்கன்னு எழுதறது பழைய காலம். நாம உறவை நிறைவு செய்யறோம்."

அந்தக் கடிதம்தான் இறுதித் தேர்வு. பயிற்சிக்கு வந்தவர் எழுதுவார், நிஜமாகவே போகும். வாங்கிப் படித்தவர் ஐந்து நட்சத்திரத்துக்கு எத்தனை என்று போட வேண்டும். ஐந்து வந்தால் வேலை. நாலு வந்தால் இல்லை. நாலு என்றால் அவர் மனசில் எங்கோ ஒரு மூலையில் வருத்தம் மிச்சமிருக்கிறது, அதை நாம் எடுக்காமல் விட்டுவிட்டோம் என்று அர்த்தம். "வெளியே போறவர் சந்தோஷமா போகணும்," என்றாள் கிருஷ்ணப்பிரியா. வடிவு விரல் விட்டு எண்ணிப் பார்த்தாள். மூன்றுதான் வந்தது. இன்னொரு தடவை எண்ணினாள்.

தேர்வு நாளில் தட்சிணாமூர்த்தி சட்டைப்பையில் ஒரு ரோஜாப்பூவைச் செருகிக்கொண்டு வந்து உரையாற்றினார். "போன வருஷம் நம்ம கையில இருந்த வீடுகள்ல நாற்பது வீட்டுல இருந்து ஒரு டிக்கெட்கூட வரலை. ஓனர்கள் ஆச்சரியப்பட்டுப் போன் பண்ணி, எப்படி சார் சாதிச்சீங்கன்னு கேட்டாங்க. ரொம்ப சுலபம்னேன். அந்த நாற்பதுலயும் இப்ப யாரும் இல்ல."

முதல் டிக்கெட்டை யார் மூடினார்களோ அவர்களே கடிதத்தையும் எழுத வேண்டும், உறவு தொடர வேண்டுமே. வடிவின் திரையில் டி-104 வந்து நின்றது. அவள் எழுந்து தட்சிணாமூர்த்தியிடம் போனாள்.

"சார், இது என் வீடு."

"சொந்த வீடா?"

"இல்ல சார். வாடகைக்கு இருக்கோம்."

"அப்ப உங்க வீடு இல்லை."

"குடியிருக்கிறது நாங்கதான் சார். பதினோரு வருஷமா. அடுப்படி மேல காரை விழுது. அதைப் பூசிக் குடுத்தாப் போதும் சார், வேற ஒண்ணும் வேணாம்."

தட்சிணாமூர்த்தி அவளைப் பார்த்தார். அவர் கண் கலங்கியிருந்தது. வகுப்பின் பக்கம் திரும்பினார். "எல்லாரும் கேளுங்க. பதினேழு பேட்ச் நடத்தியிருக்கேன். அடுத்தவர் கஷ்டத்தைத் தன் கஷ்டமா நினைக்கணும்னு தொண்டை கிழியக் கத்தியிருக்கேன். இந்தம்மாவுக்கு நினைக்கவே வேண்டியதில்ல. இதைவிட எம்பதிக்கு என்ன வேணும்?" வகுப்பு கை தட்டியது. அஜித்குமார் மட்டும் தட்டவில்லை.

"நிறுத்த முடியாதா சார்?"

"ஏன் முடியாது? குடியிருப்பவர் மூணு டிக்கெட்டையும் வாபஸ் வாங்கினா தாராளமா நிறுத்தலாம். வாபஸ் வாங்கறதுக்கு ஒரு டிக்கெட் போடணும். அது நாலாவதா ஆயிடும். பரவாயில்லையா?"

அவள் தன் திரையைத் திரும்பிப் பார்த்தாள். "நீங்க எழுதலைன்னா வேற யாராவது எழுதுவாங்கம்மா," என்றார் தட்சிணாமூர்த்தி, அன்பாகவே. "கடிதம் எப்படியும் போகும். உங்களுக்கு வேலைதான் வராது."

திரும்பி வந்து உட்கார்ந்தாள். பக்கத்து இருக்கையிலிருந்து அஜித்குமார் மெல்லச் சொன்னான். "நீங்களே எழுதிடுங்கக்கா. எனக்கு வந்துச்சுன்னா நான் ஒட்டிதான் அனுப்புவேன். ரொம்ப அசிங்கமா இருக்கும்."

வேலை கிடைக்காமல் போனால் வேறு வீட்டுக்கும் வழியில்லை. எழுதினாலும் எழுதாவிட்டாலும் இந்த வீடு இல்லை. அழுகை வரும் என்று எதிர்பார்த்தாள், வரவில்லை. யாரோ யாருக்கோ எழுதுவதுபோல விரல்கள் தம் பாட்டுக்குப் போயின. 'பதினொரு வருஷம் இந்த வீட்டை உங்கள் வீடாகவே நினைத்துப் பெருக்கி, துடைத்து, கோலம் போட்டு வைத்திருந்தீர்கள். அதற்கு நன்றி சொல்ல இங்கே யாருக்கும் தகுதியில்லை. பின்கதவு மழைக்காலத்தில் உப்பிக்கொள்ளும், லேசாகத் தூக்கித் தள்ளினால்தான் சாத்தும் என்பது உங்களைத் தவிர வேறு யாருக்கும் தெரியாது. வரும் மாதம் முப்பதாம் தேதியோடு நம் உறவு நிறைவடைகிறது. போகிற இடத்தில் தலைக்கு மேலே எதுவும் விழாமல் இருக்க வேண்டும். வருந்துகிறோம்.'

கிருஷ்ணப்பிரியா படித்துவிட்டு மூக்கை உறிஞ்சினாள். பின்கதவு வரியை மட்டும் எடுக்கச் சொன்னாள், அது வீட்டில் குறை இருப்பதை ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடுமாம். எடுத்தாயிற்று. கடிதம் போயிற்று. நெஞ்சிலிருந்து கையை இறக்கிக்கொள்ளலாம் என்று அவளே வந்து வடிவின் தோளைத் தொட்டுச் சொல்ல வேண்டியிருந்தது.

வீட்டுக்கு வந்தபோது பூபாலன் கூடத்தில் விளக்குப் போடாமல் உட்கார்ந்திருந்தான். "காலி பண்ண சொல்லிட்டானுங்க வடிவு," என்றான். "அடுத்த மாசம் முப்பதாந் தேதி." அவள் சுவிட்சைப் போட்டாள். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தாள்.

"நெனச்சா வயிறு எரியுது. மூணு வாட்டி சொன்னதுக்குக் காலி பண்ணுன்றானே. இன்னா நாயம் இது?" போனை மறுபடியும் எடுத்துப் பார்த்தான். "ஆனா பாரு, எழுதுனவ யாரோ நல்ல பொம்பள. கோலம் போட்டதெல்லாம் எழுதிக்கீறா. பொம்பளதான் இத எழுதிருக்கணும், ஆம்பளைக்கு இது தோணாது. நம்பள யாரும் இவ்ளோ மரியாதியா வெளிய போன்னு சொன்னதில்ல, இல்ல?"

"ஆமா," என்றாள் வடிவு.

"கீழ ஸ்டாரு போட சொல்லிக் கேட்டுச்சு. ஒண்ணு போட்டுத் தொலைக்கலாம்னுதான் கைய வெச்சேன். அப்றம் மனசு வரல. அவ இன்னா பண்ணுவா, எழுதுன்னா எழுத வேண்டிதானே. அவ சோத்துல ஏன் நாம மண்ணள்ளிப் போடணும்? அஞ்சே போட்டுட்டேன். பாவம், அவளும் எங்கியாச்சும் ஒரு வாடகை ஊட்லதான் இருப்பா."

வடிவின் பைக்குள் போன் மணியடித்தது. எடுத்துப் பார்த்தாள். வாழ்த்துகள், தேர்ச்சி, திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு வேலையில் சேரவும் என்று இருந்தது. அதன் கீழே முதல் வேலையும் போட்டிருந்தார்கள். படித்துவிட்டு அப்படியே நின்றாள்.

"இன்னா வந்துகீது?"

"வேலை கெடச்சிடுச்சுங்க."

"பாத்தியா, கடவுள் ஒரேடியாக் கண்ண மூடிக்கல," என்றான் பூபாலன். நிஜமாகவே அவன் முகம் கொஞ்சம் தெளிந்தது. "இன்னா வேலை மொதல்ல?"

"முப்பத்தொண்ணாந் தேதிக்கு ஒரு மேஸ்திரியைப் பேசி வைக்கணும். அடுப்படிக் கூரையை நல்லாக் கொத்திட்டு, கம்பிக்கு மருந்தடிச்சு, புதுசாப் பூசணும். வர்றவங்களுக்குக் கஷ்டம் இருக்கக்கூடாதாம்."

"யாரு ஊட்டுக்கு?"

"டி-104," என்றாள் வடிவு.